பொறுமையும் பொறாமையும்

அய்யா துணை



பொறுமை, பொறாமை என்ற இரண்டு சொற்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நடு எழுத்து ஒன்றுதான் மாறுகிறது. 'று' இருந்த இடத்தில் 'றா' வந்து உட்கார்ந்துகொள்கிறது. காதுக்கும் அவை உடன்பிறந்த சொற்களைப் போலவே ஒலிக்கின்றன. ஆனால் ஒன்று அய்யா வைகுண்டர் தம் மக்களுக்கு அணிகலனாகப் பூட்டிய குணம். மற்றது கலி குடியிருக்கும் வீடு. இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டும் ஏன் ஒரே வேரில் பிறந்தன என்று அறிந்துகொண்டால், பொறாமை என்னும் நோயும் அதன் மருந்தும் ஒருங்கே விளங்கிவிடும்.

சொல்லுக்குள் இருக்கும் பொருள்

'பொறு' என்பது வேர்ச்சொல். பொறுத்தல் என்றால் முதலில் சுமத்தல், தாங்குதல். தூண் கூரையைப் பொறுக்கிறது. பூமி மலையையும் கடலையும் பொறுக்கிறது. அதே சொல் காத்திருத்தலையும் குறிக்கும். அவசரப்படும் பிள்ளையைப் பார்த்துத் தாய், "கொஞ்சம் பொறு மக்கா" என்கிறாள். மன்னித்தலுக்கும் அதே சொல்தான். பிழை செய்தவன் பெரியவரிடம் வந்து, "பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று கைகட்டி நிற்கிறான். சுமப்பது, காத்திருப்பது, மன்னிப்பது ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மூன்றும் சேர்ந்ததே பொறுமை.

இந்த வேரோடு 'ஆ' என்னும் எதிர்மறை எழுத்துச் சேரும்போது பொருள் தலைகீழாகிறது. அறி என்பது அறியாமை ஆவதுபோல, கல் என்பது கல்லாமை ஆவதுபோல, பொறு என்பது பொறாமை ஆகிறது. அதாவது தாங்க இயலாமை. எதைத் தாங்க இயலாமை? பிறருடைய ஆக்கத்தை, பிறருடைய வளர்ச்சியைத் தாங்க இயலாமை என்று பழைய உரையாசிரியர்கள் பொருள் சொன்னார்கள்.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மனிதர்கள் பிறருடைய துன்பத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் ஊரே ஓடி வருகிறது. பேச்சில்லாமல் இருந்தவனும் வந்து பந்தல்கால் நடுகிறான். அழுகிறவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பகையாளி வீட்டுப் பெண்ணும் அழுகிறாள். அதே வீட்டில் ஓராண்டு கழித்துப் புதுவீடு கட்டிப் பால்காய்ப்பு வைத்தால், சாவுக்கு முதலில் ஓடி வந்த காலுக்கு அன்று நடக்கத் தெரிவதில்லை. தலைவலி வருகிறது, வேறு வேலை வருகிறது. போனாலும் கண் சுவரில் உள்ள வெடிப்பைத் தேடுகிறது. பிறர் கண்ணீரைச் சுமக்க முடிந்த தோளுக்குப் பிறர் சிரிப்பைச் சுமக்க முடியவில்லை. அந்தப் பலக்குறைவுக்குத்தான் தமிழ் பொறாமை என்று பெயர் வைத்தது.

ஆகவே பொறாமை ஒரு பலம் அன்று, பலமின்மை. பொறாமைக்காரன் வெளியே வீறாப்பாகத் தெரிவான். உள்ளே அவன் நடுத்தூண் இற்றுப்போன வீடு. அடுத்த வீட்டில் ஓடு மாற்றும் சத்தம் கேட்டாலே அவன் கூரை ஆடுகிறது. இருள் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது; வெளிச்சம் இல்லாததே இருள். அதுபோல, பொறாமை என்று தனியாக ஒன்று கிடையாது; பொறுமை இல்லாத இடமே பொறாமை. இருளைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்ட முடியுமா? விளக்குத்தான் ஏற்ற வேண்டும்.

எரிச்சலும் அழுக்கும்

மக்கள் பேச்சில் பொறாமைக்கு வழங்கும் மற்றச் சொற்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வயிற்றெரிச்சல் என்கிறார்கள். காந்தல் என்கிறார்கள். "அவனுக்கு உள்ளுக்குள்ளே புகையுது" என்கிறார்கள். காய்மகாரம் என்று ஒரு சொல் உண்டு. காய்தல் என்றால் சுடுதல், வெறுத்தல். எல்லாமே நெருப்பைச் சேர்ந்த சொற்கள். அந்த நெருப்பு எங்கே எரிகிறது என்பதையும் சொல்லே காட்டிவிடுகிறது. எரிவது எதிர்வீட்டு வைக்கோல்போர் அன்று. பொறாமைப்படுகிறவனுடைய சொந்த வயிறு. அய்யாவின் மக்கள் நெற்றியில் சாற்றும் நாமமும் சுடர் வடிவம்தான். ஆனால் அது வெளிச்சம் தரும் சுடர். நெற்றியில் ஒளியையும் வயிற்றில் எரிச்சலையும் ஒரே நேரத்தில் சுமந்து திரிவது எவ்வளவு பொருந்தாத காரியம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இலக்கியத் தமிழில் பொறாமைக்கு அழுக்காறு என்று பெயர். திருவள்ளுவர் பொறையுடைமை என்று 16ஆம் அதிகாரத்தை வைத்தார். அடுத்த 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை. பொறுமையைச் சொன்ன கையோடு பொறாமை கூடாது என்கிறார். அதற்கடுத்த 18ஆம் அதிகாரம் வெஃகாமை, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை. 19ஆம் அதிகாரம் புறங்கூறாமை. இந்த வரிசையே ஒரு பாடம். பொறுமை தளர்ந்தால் பொறாமை வரும். பொறாமை முற்றினால் அவன் பொருளின்மேல் கண் விழும். அது கைக்கு எட்டாதபோது நாக்கு அவனைப் பின்னாலிருந்து கடிக்கும். ஊர்களில் நடக்கும் சண்டைகளில் பாதியை இந்த நான்கு படிகளில் அடக்கிவிடலாம்.

அழுக்காறு என்ற சொல்லைக் கேட்டவுடன் அழுக்கு என்பதுதான் எவருக்கும் நினைவுக்கு வரும். அழுக்கு என்றவுடன் அய்யாவழி மக்களுக்குத் துவையல் தவசு நினைவுக்கு வர வேண்டும். அய்யாவின் சொல்லை ஏற்று எழுநூறு குடும்பத்தார் வாகைப்பதியில் கடற்கரையோரம் தங்கினார்கள். நாள்தோறும் கடலில் குளித்தார்கள். உடுத்திய துணியைத் துவைத்தார்கள். எளிய உணவைக் கூடி உண்டார்கள். வேறுவேறு ஊர், வேறுவேறு குடும்பம். ஒருவரிடம் உள்ளதும் மற்றவரிடம் இல்லாததுமாக வந்தவர்கள், அங்கே ஒரே கடலில் குளித்து ஒரே சோற்றை உண்டார்கள். "அவன் துணி என் துணியைவிட வெள்ளையாக இருக்கிறதே" என்று ஒருவர் எரிச்சல்பட்டிருந்தால் அந்தத் தவசு என்னவாகியிருக்கும்? உடலின் அழுக்கையும் உடையின் அழுக்கையும் கடல்நீர் கழுவிவிடும். மனத்தின் அழுக்கைக் கழுவியது அந்தக் கூட்டு வாழ்க்கை.

குறோணியின் ஐந்தாம் துண்டு

அரிகோபாலன் சீடர் 1841இல் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை, தீமையின் பிறப்பைக் குறோணியிலிருந்து தொடங்குகிறது. அவன் பசி அடங்காதவன். கடல்நீரைக் குடித்தும் ஆறாமல் கயிலையையே விழுங்கியவன். தன்னைத் தவிர வேறொன்று இருப்பதைப் பொறுக்காத பசி அது. திருமால் அவனை ஆறு துண்டாக வெட்டினார். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் பிறவி எடுத்தது. ஐந்தாம் துண்டு துவாபர யுகத்தில் துரியோதனனாகப் பிறந்தது. ஆறாம் துண்டே இந்த யுகத்தின் கலி.

துரியோதனனுக்கு என்ன குறை? அத்தினாபுரத்து அரண்மனை இருந்தது, தொண்ணூற்றொன்பது தம்பிமார் இருந்தார்கள், படை இருந்தது, உண்ணவும் உடுக்கவும் குறைவில்லை. பஞ்சவரோ காட்டை அழித்து நகர் கண்டவர்கள். அந்த நகரில் தருமர் நடத்திய வேள்விக்குப் போனவன் அங்கே குவிந்த காணிக்கையைக் கண்டான். மண்டபத்தின் பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று எண்ணி உடுப்பைத் தூக்கிக்கொண்டான். தண்ணீரைத் தரை என்று எண்ணி விழுந்து நனைந்தான். கண்டவர்கள் சிரித்தார்கள். ஊருக்குத் திரும்பியவன் உடல் வெளுத்து இளைத்துப்போனான். "உனக்கு என்ன குறை மகனே?" என்று தந்தை கேட்டார். தன்னிடம் இல்லாத ஒன்றையும் அவனால் சொல்ல முடியவில்லை. பங்காளிகள் வாழ்வதைக் கண்டு தன்னால் இருக்க முடியவில்லை என்பதுதான் அவன் சொன்ன குறை.

ஆசைக்கும் பொறாமைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. "அவனுக்கு இருப்பதுபோல எனக்கும் வேண்டும்" என்பது ஆசை. அதற்கு ஓர் எல்லை உண்டு, கிடைத்துவிட்டால் அடங்கும். "எனக்கு இருக்கிறதோ இல்லையோ, அவனுக்கு இருக்கக் கூடாது" என்பது பொறாமை. அதற்கு எல்லை இல்லை. அதனால்தான் சூதாடி நாட்டைப் பறித்த பிறகும் துரியோதனனுக்கு வயிறு ஆறவில்லை. துரோபதையைச் சபைக்கு இழுத்து வரச் செய்தான். வனவாசம் முடிந்து வந்து ஐந்து ஊராவது தரும்படி கேட்டவர்களுக்கு, ஊசிமுனை குத்தும் அளவு மண்ணும் கிடையாது என்றான். முடிவில் என்ன ஆயிற்று? தொண்ணூற்றொன்பது தம்பிமாரும் மாண்டு, தானும் தொடை முறிந்து மண்ணில் கிடந்தான். பங்கு கொடுக்க மனமில்லாதவன் முழுவதையும் விட்டுவிட்டுப் போனான்.

அந்தக் கதையில் இன்னொரு சிறு பாடமும் இருக்கிறது. அவன் தண்ணீரில் விழுந்தபோது எழுந்த சிரிப்பு, புகைந்துகொண்டிருந்த நெருப்பில் நெய்யாக விழுந்தது. ஆக்கம் பெற்றவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை. வளர்ந்தவன் பணிவாக நடக்க வேண்டும். தன் நிறைவை இல்லாதவன் கண்ணில் குத்தும்படி காட்டக் கூடாது. இடறியவனைக் கண்டால் சிரிக்காமல் கைகொடுக்க வேண்டும். பொறாமைப்படுகிறவன் குற்றவாளிதான். ஆனாலும் அவனுக்கு விறகு எடுத்துக் கொடுத்தவனுக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு பெயரையும் பொறுக்காத காலம்

பொறாமை ஒரு மனிதனுடைய வயிற்றில் இருந்தால் ஒரு குடும்பம் கெடும். அதுவே ஆட்சியின் கையில் சட்டமாக அமர்ந்தால் ஒரு மக்கள் கூட்டமே கெடும். தென்திருவிதாங்கூரில் அய்யா அவதரித்த காலம் அப்படிப்பட்டது. தாழக் கிடந்த மக்கள் தலையில் பாகை கட்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைத்து மேலாடை இடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எடுக்கக் கூடாது. உழைத்த காசு வரியாகப் போயிற்று. குடத்தைத் தலையில் சுமந்தால் என்ன, இடுப்பில் வைத்தால் என்ன? ஆள்பவனுக்கு அதில் ஒரு துளித் தண்ணீரும் குறையப் போவதில்லை. ஆனாலும் பொறுக்க முடியவில்லை. இன்னொருவன் நிமிர்ந்து நடப்பதைக் காணப் பொறுக்காத மனம் எழுதிய சட்டங்கள் அவை.

1809இல் பூவண்டன்தோப்பில் பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் பிள்ளை பிறந்தபோது, முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். ஏழைக் குடிசையில் கிடந்த பச்சைப் பிள்ளைக்கு முடியுமில்லை, அரியணையுமில்லை. இருந்தது ஒரு பெயர் மட்டும்தான். அந்தப் பெயரையும் மேலோர் என்று சொல்லிக்கொண்டவர்கள் பொறுக்கவில்லை. பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. பிறர் ஆக்கம் பொறாமை என்று ஏட்டில் படிக்கும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை தேவையில்லை. ஆக்கம் வருவதற்கு முன்பே, அதன் பெயரைக் கேட்டவுடனே பொறாமை வந்துவிட்டது.

அதற்கு அய்யா என்ன மறுமொழி தந்தார்கள்? பறித்தவர்களுடைய முடியைப் பறிக்கச் சொல்லவில்லை. 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளி வந்தவர்கள், ஆறு ஆண்டு தவம் இருந்தார்கள். முதல் ஈராண்டு குழிக்குள். அடுத்த ஈராண்டு தரைமேல். கடைசி ஈராண்டு உயர்ந்த பீடத்தில். தாழ்ந்து கிடந்த மக்கள் எப்படிப் படிப்படியாக உயர வேண்டும் என்பதைத் தம் உடம்பாலேயே காட்டினார்கள். மழையும் வெயிலும் ஏச்சும் பேச்சும் அத்தனையையும் பொறுத்த தவம் அது. பிறகு தம்மை நாடி வந்த ஆண்மக்கள் எல்லாரையும் தலைப்பாகை கட்டி நின்று வணங்கச் சொன்னார்கள். ஒரு பிள்ளையின் பெயரில் முடி இருப்பதைப் பொறுக்காத நாட்டில், ஒவ்வொருவன் தலையிலும் முடி ஏறியது. இன்றும் பதியிலும் தாங்கலிலும் தலைப்பாகை கட்டும் ஒவ்வொருவரும் இதை நினைக்க வேண்டும். அங்கே பெரிய பாகை, சிறிய பாகை என்ற பேச்சு இல்லை. எல்லார் தலையும் முடி சூடிய தலையாக இருக்கும் இடத்தில் யார் யாரைப் பார்த்து எரிச்சல்படுவது?

அய்யாவைச் சுற்றிப் பதினெண் சாதி மக்களும் கூடியதைக் கண்டு மேலும் பொறாமை மூண்டது. பொய்க்குற்றம் சாட்டினார்கள். பிடித்துப்போகச் சேவகர்கள் வந்தபோது, அடியார்கள் எதிர்த்து நிற்கத் துடித்தார்கள். அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார்கள். திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறையிருப்பு. பசித்த புலியின் கூண்டுக்குள்ளும் விட்டுப் பார்த்தார்கள். புலியும் அய்யாவின் முன்னே அடங்கிக் கிடந்தது. காட்டு விலங்கு அறிந்ததை அரண்மனையில் இருந்த பொறாமை அறியவில்லை.

உரிமை வேறு, பொறாமை வேறு

இங்கே ஒரு தெளிவு வேண்டும். "உனக்கு ஏன் பொறாமை? கிடைத்ததை வைத்துக்கொண்டு இரு" என்று இல்லாதவனை அடக்குவதற்கும் சிலர் இந்தச் சொல்லைக் கையில் எடுப்பார்கள். அது பொறுமையின் பெயரால் செய்யும் கலி வேலை. பஞ்சவர் ஐந்து ஊர் கேட்டது பொறாமை அன்று, பங்கு. மேலாடை இட நினைத்த பெண் அரசியின் பட்டைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை. தன் மானத்தைக் கேட்டாள். கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கேட்டவன் பிறர் கிணற்றைத் தூர்க்கக் கேட்கவில்லை. தன் உரிமையைக் கேட்பவன், எதிரில் இருப்பவனும் வாழ வேண்டும் என்று நினைக்கிறான். பொறாமைக்காரன் எதிரில் இருப்பவன் வாழக் கூடாது என்று மட்டுமே நினைக்கிறான்.

அதனால்தான் அய்யா தனிக் கிணறு கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு கண்டார்கள். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரில் குளித்து, ஒரே பந்தியில் உண்டார்கள். ஒருவன் ஒரு வாளி இறைத்தால் அடுத்தவனுக்குக் குறையும் என்ற அச்சம் அங்கே இல்லை. ஊற்று உள்ள கிணறு இறைக்க இறைக்கச் சுரக்கும். இறைவனுடைய அருளும் அப்படித்தான். அடுத்த வீட்டுக்கு அவன் கொடுத்ததால் இந்த வீட்டுக்கு வைத்திருந்த பங்கு குறைந்துவிடாது. பொறாமை என்பது, ஆழ்ந்து பார்த்தால், இறைவனிடம் இருப்பு தீர்ந்துபோகும் என்று நினைக்கும் அவநம்பிக்கை.

கையாலை

எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பன் விட்டுப்போன விளை ஒன்று. நடுவில் ஒரு கையாலை எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் கையாலையைத் தாண்டிக் குதித்து இரண்டு வீட்டிலும் சோறு தின்று வளர்ந்தார்கள். தம்பி மகன் வெளிநாட்டு வேலைக்குப் போனான். தம்பி வீட்டின் ஓடு இறங்கிக் கான்கிரீட் ஏறியது. அண்ணன் வீட்டில் அன்றுமுதல் சோறு செரிக்கவில்லை. "என் தென்னையின் ஓலை அவன் மாடியில் விழக் கூடாதாமே" என்று தம்பி சொல்லாத ஒரு வார்த்தையை அண்ணன் தானே சொல்லிக்கொண்டார். கையாலை இரண்டு முழம் உயர்ந்தது. அளவுக்கல் ஒரு சாண் தள்ளி நிற்கிறது என்று வழக்குப் போட்டார். ஒரு சாண் மண்ணுக்காக மூன்று சென்ட் நிலத்தை விற்று வக்கீலுக்குக் கொடுத்தார்.

தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்தது. திருக்கல்யாண ஏடு அன்று ஊரே சுருள் கொண்டு வந்தது. தம்பி குடும்பம் பெரிய தட்டில் சுருள் எடுத்து வந்ததைக் கண்ட அண்ணன் எழுந்து வெளியே போகப் பார்த்தார். வாசலில் தம்பி மனைவி எதிரில் வந்தாள். தட்டை அவர் கையில் நீட்டி, "அத்தான், குடும்பத்துக்கு மூத்தவர் நீங்க இருக்கும்போது இவங்க எடுத்துட்டுப் போறது முறையில்லை. நீங்க கொண்டு வைங்க" என்றாள்.

அவர் கை தானாக நீண்டு தட்டை வாங்கியது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பள்ளியறை வரை நடந்தார். அது தம்பியின் ஆக்கம்; அதைத்தான் இத்தனை நாள் பொறுக்க முடியாமல் இருந்தார். இப்போது அதையே கையில் சுமந்து நடக்கிறார். கனமாக இல்லை. அன்று இரவு அவர் வீட்டில் சோறு செரித்தது. வழக்கு அடுத்த மாதம் திரும்பப் பெறப்பட்டது.

பொறாமை எதைச் சுமக்க மறுக்கிறதோ, அதையே விரும்பி எடுத்துச் சுமப்பதுதான் அதற்கு மருந்து. அதுவே பொறுமை. பொறுமை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பது மட்டும் அன்று. பிறர் ஆக்கத்துக்குத் தோள் கொடுப்பது. அங்கே தம்பி மனைவி செய்ததும் பொறுமைதான். மாதக்கணக்கில் கேட்ட ஏச்சையெல்லாம் சுமந்தாள், உரிய வேளைக்குக் காத்திருந்தாள், மன்னித்தாள். ஒரே வேரில் பிறந்த மூன்று பொருளும் அவளிடம் இருந்தன.

கண்ணாடிக்கு முன்

பொறாமை கண் வழியாக வரும் நோய். அதனால்தான் கண்ணூறு, கண்பட்டது என்ற பேச்செல்லாம் பிறந்தன. பிறர் கண்ணுக்குப் பயந்து வாசலில் பூசணிக்காய் கட்டுகிறவர்கள் உண்டு. செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மந்திரவாதி வீட்டுக்கு ஓடுகிறவர்களும் உண்டு. பேயையும் பில்லிசூனியத்தையும் அஞ்சிக் கிடந்த மக்களை அந்த அச்சத்திலிருந்து மீட்டவர்கள் அய்யா. அடுத்தவன் பொறாமை தன்னை என்ன செய்துவிடுமோ என்று நடுங்குகிறவன், அய்யா உண்டு என்பதை மறந்தவன். பிறர் பொறாமை ஒருவனைக் கெடுப்பதைவிட, அவனுடைய சொந்தப் பொறாமை அவனை ஆயிரம் மடங்கு கெடுக்கும்.

அந்தக் கண்ணைத் திருப்புவதற்குத்தான் பதியிலும் தாங்கலிலும் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. பொறாமைப்படும் கண் எப்போதும் வெளியே பார்க்கும்: அவன் வீடு, அவன் நகை, அவன் மகன் வாங்கிய மதிப்பெண். கண்ணாடியின் முன்னே வந்து நின்றால், பார்க்கிறவன் முகம்தான் தெரியும். அங்கே அடுத்தவன் கணக்குக்கு இடமில்லை. தன்னுள்ளே இறைவன் இருக்கிறான் என்று அங்கே அறிந்துகொண்டவன், வெளியே வந்து எதிரில் நிற்பவனைப் பார்க்கும்போது, அவனுக்குள்ளும் அதே இறைவன்தான் என்று அறிய வேண்டும். அந்த இறைவன் அவன் வீட்டில் சிரிக்கும்போது எரிச்சல்படுவது எப்படி?

அந்தக் கண்ணாடியின் முன்னே நின்று அன்புக்கொடி மக்கள் கேட்பது என்ன? செய்த பிழைகளையெல்லாம் பொறுக்க வேண்டும், மாப்புத் தர வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். தெரிந்து செய்த பிழை எத்தனை! தெரியாமல் செய்தது எத்தனை! அத்தனையையும் அய்யா பொறுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, வாசலைத் தாண்டியதும் பக்கத்து வீட்டுக்காரனுடைய ஒரு நல்ல காலத்தைப் பொறுக்க முடியவில்லை என்றால், கேட்ட வாய்க்கும் கேட்ட வேண்டுதலுக்கும் என்ன பொருத்தம்? பிழையைப் பொறுப்பதுதான் கடினம். பிறர் நன்மையைப் பொறுப்பதற்கு மன்னிக்கும் வேலைகூட இல்லை; மகிழ்ந்தால் போதும்.

ஆகையால் யாருடைய பெயரைக் கேட்டால் வயிறு காந்துகிறதோ, அந்தப் பெயரை நாளை உச்சிப்படிப்பு முடிந்தவுடன் பள்ளியறையின் முன்னே நின்று ஒருமுறை சொல்ல வேண்டும். அவர் வீடு வாழ வேண்டும், அவர் பிள்ளைகள் தழைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். முதல் நாள் நாக்கு எழாது. பத்து நாளில் பழகிவிடும். அவர் வீட்டில் நல்ல காரியம் வந்தால் முதல் ஆளாகப் போக வேண்டும். போய் வெறுமனே உட்காராமல் தண்ணீர் எடுத்து ஊற்றவும் இலை எடுக்கவும் வேண்டும். தாங்கலில் அவர் பணிவிடை செய்யும் நாளில் அரிசியும் விறகும் சுமந்து கொடுக்க வேண்டும். அவரைப்பற்றி எவரேனும் குறை சொல்ல வந்தால், அந்தக் குறை உண்மையே ஆனாலும், காது கொடுக்கக் கூடாது. தர்மம் கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது தன் பெயர் யாருக்குப் பின்னால் வருகிறது என்று எண்ணக் கூடாது. நிழல்தாங்கலுக்குள்ளேயே நிர்வாகத்துக்கும் முதல் மரியாதைக்கும் பொறாமை புகுந்துவிட்டால், நிழல் தேடி வந்தவனுக்கு வெயில்தான் மிஞ்சும்.

சாமித்தோப்புத் தலைமைப்பதியில் ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் பதினொரு நாள் திருவிழா நடக்கிறது. எட்டாம் நாள் அய்யா வெள்ளைக் குதிரை வாகனத்தில் முத்திரிக்கிணற்றங்கரைக்கு எழுந்தருளிக் கலிவேட்டை ஆடுகிறார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் கூடி நின்று பார்க்கிறார்கள். கலி எந்தக் காட்டில் ஒளிந்திருக்கிறான்? பார்க்க வந்தவர்கள் நெஞ்சுக்குள்தான். முன் யுகங்களின் அரக்கனுக்கு உடம்பு இருந்தது. அம்பு எய்து கொல்லலாம். இந்த யுகத்தின் கலிக்கு உடம்பில்லை. அவன் எரிச்சலாகவும் புகைச்சலாகவும் ஒரு கோணல் சிரிப்பாகவும் மனத்தில் மறைந்து திரிகிறான். குதிரை வாகனம் புறப்படும்போது, "அய்யா, என் நெஞ்சிலிருந்து வேட்டையைத் தொடங்க வேண்டும்" என்று கேட்டு நிற்பவர்தான் அந்த விழாவை முழுவதும் கண்டவர்.

பொறாமைக்கு நடுவில் நிற்பது ஒரு 'றா'. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு 'று' வைத்தால் போதும். எழுத்து சிறியது, வேலை பெரியது. தூணுக்குக் கூரை பாரமில்லை. தாய்க்குப் பிள்ளை பாரமில்லை. அய்யாவின் மக்களுக்கு அடுத்த வீட்டுச் சிரிப்பும் பாரமாக இருக்க வேண்டாம்.

எல்லார் வீட்டிலும் விளக்கு எரியட்டும். எவர் வயிறும் எரியாதிருக்கட்டும்.

அய்யா உண்டு!